இரண்டு மணிக்கு மட்டும் அறுகிற லைன்

அந்த வீட்டின் கீழறைக்கு வெளிச்சம் வரும், காற்று வரும், பெருமழை பெய்தால் கொஞ்சம் தண்ணீரும் வரும். வராத ஒன்று வைஃபை மட்டும்தான்.

அறையின் முக்கால்வாசி நிலத்துக்குள் இருந்தது. கூரையை ஒட்டி ஒரு முழ உயரத்துக்கு ஜன்னல். அதன் வழியாகப் பார்த்தால் தெருவில் போகிறவர்களின் செருப்புகள் மட்டும் தெரியும். பழைய மெத்தை, கால் உடைந்த நாற்காலி, யாரும் ஓட்டாத சைக்கிள் என்று அக்கா வீட்டில் தூக்கிப்போட மனம் வராத சாமான்களெல்லாம் அங்கேதான் கிடந்தன. தம்பி அவற்றை ஒரு மூலைக்கு ஒதுக்கி, ஒரு மேசையைப் போட்டு, அந்த இடத்தைத் தன் ஆபீஸ் ஆக்கிக்கொண்டான்.

"வேண்டாததெல்லாம் கீழதான் இருக்கணும்னு சொல்லிட்டே இருப்பேன். இப்பத்தான் சரியா இருக்கு," என்றார் அத்தான். அவர் சரக்கு வேன் ஓட்டுகிறவர். ஒரு நாளைக்கு நாலு பேரையாவது கேலி செய்யாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. பூட்டிய கதவைத் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற மைத்துனனுக்கு அவர் வைத்திருந்த பெயர் இன்ஸ்பெக்டர்.

தம்பிக்குக் கிடைத்திருந்தது புது மாதிரியான வேலை. எங்கோ ஒரு கல்லூரியில் ஆசிரியர் பாடம் நடத்துவார். அவர் குரல் இணையம் வழியாக இவன் காதுக்கு வரும். இவன் கேட்கக் கேட்கத் தட்டச்சு செய்ய, அது அடுத்த நொடியே வகுப்பில் இருக்கிற காது கேளாத ஒரு மாணவியின் திரையில் வரிவரியாக ஓடும். தினமும் இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை வகுப்பு. முதல் இரண்டு மாதம் சோதனைக் காலம். அதற்குள் இவன் பக்கத்திலிருந்து மூன்று முறை இணைப்பு அறுந்தால் அத்தோடு சரி. ஊர் முழுக்க மின்சாரம் போனால் அது கணக்கில் சேராது. வீட்டுக்குள் நடக்கிற கோளாறு சேரும்.

இந்த வேலையைப் பற்றி முதலில் சொன்னவள் பக்கத்து வீட்டுத் தையலக்கா. அவளுடைய தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வேறு ஊரில் வேலையில் இருந்தாள். அவள் கல்லூரியில் படித்தபோது இதே வேலையைத் தருகிற நிறுவனம்தான் அவளுக்கும் பாடத்தை எழுத்தாக அனுப்பியது. "வேகமா டைப் அடிக்கிற ஆள் வேணுமாம் தம்பி. உங்க விரல் சும்மா இருக்காதே," என்று சொல்லி, தங்கையிடம் ஒரு சிபாரிசுக் கடிதமும் வாங்கிக் கொடுத்தாள்.

வேலை கிடைத்த மறுநாளே தம்பி கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினான். மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்து, நாலாவது படியில் இரண்டு கோடு சிக்னல், ஆறாவது படியில் மூன்று கோடு, கீழறை மேசையில் ஒன்றுமில்லை என்று குறித்துக்கொண்டான். சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்புகிற சின்னப் பெட்டி ஒன்றை வாங்கிப் படிக்கட்டில் மாட்டினான். அது இருமல்காரனுக்கு இன்னொரு இருமல்காரனைத் துணைக்கு அனுப்பிய கதையாயிற்று. கடைசியில் வயர்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் தரையில் துளை போட்டு, மேல்வீட்டு வைஃபை பெட்டியிலிருந்து மேசை வரைக்கும் வயரை இழுத்துக் கொடுத்தார்.

"இனிமே லைன் பறக்கும். வேற யாராவது உங்க லைன்ல புகுந்தா ஒழிய ஒண்ணும் ஆகாது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

தம்பிக்கு யார் சொன்னாலும் போதாது. தானே சொன்னாலும் போதாது. வீட்டில் கிடந்த இரண்டு பழைய போன்களை எடுத்தான். ஒன்றை மேலே வைஃபை பெட்டிக்குப் பின்னால் சொருகினான். இன்னொன்றைப் படிக்கட்டில், சிக்னல் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தான். இணைய வேகத்தை அளக்கிற ஆப் ஒன்றை இரண்டிலும் போட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தானாக அளக்கும்படி அமைத்தான். நாள் முழுக்க அளப்பானேன் என்று நேரத்தையும் குறுக்கினான். இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை. வேலை நடக்கிற நேரத்து அளவுதானே முக்கியம். சாயங்காலம் அந்த எண்களை நோட்டில் ஏற்றிவிட்டுத்தான் காப்பி குடிப்பான்.

வகுப்பு தொடங்கிய நாளிலிருந்தே குரல் அவ்வப்போது திக்கியது. ஆறாம் நாள் ஒரேயடியாக அறுந்தது. திரும்பி வர நாலு நிமிடம். ஒன்பதாம் நாள் மறுபடியும். காலையில் நோண்டிப் பார்த்தால் லைன் ஓடுகிறது. சாயங்காலமும் ஓடுகிறது. இரண்டு மணி அடித்தால் மட்டும் அதற்கு என்னவோ ஆகிறது.

மூன்றில் இரண்டு போயிற்று. அன்று சாயங்காலம் தம்பி வைஃபை பெட்டியின் பட்டியலைக் கணினியில் திறந்து, எந்தெந்தக் கருவி எப்போது வந்து ஒட்டிக்கொண்டது என்று ஒவ்வொன்றாக எழுதினான். அக்கா போன், அத்தான் போன், டிவி, தன் கணினி, தன் பழைய போன்கள் இரண்டு. இவை நம்முடையவை என்று டிக் அடித்தான். டிக் அடிக்காமல் ஒன்று மிஞ்சியது. யாருடையதென்று தெரியாத ஒரு போன். தினமும் இரண்டே காலுக்கு உள்ளே வந்து மூன்று மணிக்கு வெளியே போயிருந்தது.

அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவளை வாசலில் மறித்துக் கேட்டான்.

"அது தையலக்காவோடது. நான்தான் பாஸ்வேர்டு குடுத்தேன்."

"எப்போ?"

"ஆறு மாசம் இருக்கும்."

"எதுக்குன்னு கேக்கலையா?"

"பக்கத்து வீட்டுக்காரங்க தண்ணி கேட்டா எதுக்குன்னு கேட்டுட்டா குடுக்குறோம்? வழியை விடு, பஸ் போயிடும்."

தையலக்காவின் வேலையறைக்கும் கீழறைப் படிக்கட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். மத்தியானமெல்லாம் அந்தச் சுவர் வழியாகப் பாட்டுச் சத்தம் கேட்கும். போனில் வீடியோ போட்டுக்கொண்டு தைக்கிறாள் என்று தம்பி முடிவு கட்டினான். அவளுக்குக் காது கேளாத தங்கை ஒருத்தி உண்டு என்பது அவனுக்குத் தெரியாததா? அந்தத் தங்கையின் கடிதத்தால்தானே அவன் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். ஆனால் தெரிந்த இரண்டு விஷயங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க அன்றைக்கு அவனுக்குத் தோன்றவில்லை. நோட்டில் அதற்கென்று ஒரு கட்டம் இல்லை.

மறுநாள் காலையில் நோட்டோடு போய்த் தையலக்காவின் வாசலில் நின்றான். உள்ளே பள்ளிச் சீருடைக்கு அளவு கொடுக்க வந்த இரண்டு பெண்கள் இருந்தார்கள். தையலக்காவின் வாயில் இரண்டு குண்டூசி, கழுத்தில் அளவு டேப்.

"வாங்க தம்பி. வேலை எப்படிப் போகுது?" என்றாள் ஊசிகளை எடுத்துவிட்டு.

"அதைப் பத்தித்தான் பேச வந்தேன்," என்று நோட்டைத் திறந்தான். "ரெண்டே காலுக்கு நீங்க எங்க லைனுக்குள்ள வர்றீங்க. மூணு மணிக்குப் போறீங்க. தேதி வாரியா எழுதி வச்சிருக்கேன். அதனால எனக்கு ரெண்டு தடவை அறுந்துடுச்சு. இன்னும் ஒரு தடவை அறுந்தா வேலையே போயிடும்."

தையலக்கா நோட்டைப் பார்க்கவில்லை. முதலில் அந்தப் பெண்களைப் பார்த்தாள்.

"உங்க அக்காதான் குடுத்தாங்க தம்பி. நானா எடுத்துக்கலை."

"அக்காவுக்கு இதெல்லாம் தெரியாது. நீங்க பாட்டுக் கேக்குறதுக்கு என் வேலையா கிடைச்சுது?"

சீருடைக்கு வந்தவர்களில் ஒருத்தி தொண்டையைச் செருமினாள். இன்னொருத்தி துணியின் விலைச் சீட்டை அத்தனை அக்கறையாகப் படித்தாள். தையலக்கா அளவு டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து வைத்தாள். மேசை இழுப்பறையிலிருந்து போனை எடுத்து நீட்டினாள்.

"நீங்களே எடுத்து விட்டுடுங்க. அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது."

அவனும் வாங்கினான். மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்க, அவள் போனிலிருந்து தன் வீட்டு வைஃபையை அழித்தான். சரியாக அழிந்ததா என்று இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்ததும், ஆள் அகப்பட்டாயிற்று, இனி அளந்து என்ன ஆகப்போகிறது என்று பழைய போன்கள் இரண்டையும் பிடுங்கி, அணைத்து இழுப்பறையில் போட்டான். பிறகு, இரண்டாம் முறை அறுந்ததற்கு நிறுவனம் கேட்டிருந்த விளக்கப் படிவத்தை நிரப்பினான். 'பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் இணைப்பைப் பயன்படுத்தியதே காரணம். தடுத்துவிட்டேன்.' படித்துப் பார்த்தபோது வாக்கியம் மெலிந்து கிடந்த மாதிரி இருந்தது. 'அனுமதியில்லாமல்' என்று ஒரு வார்த்தையை நடுவில் சேர்த்தான். அக்கா வாசலில் சொன்னது நினைவில் இருந்தது. இருந்தும் சேர்த்தான்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் லைன் எண்ணெய் போட்டது போல ஓடியது. ஒரு திக்கல் இல்லை. மேற்பார்வை செய்கிற மேடம் போனில் கூப்பிட்டுப் பாராட்டினாள். "காரணத்தைக் கண்டுபிடிச்சுச் சரி பண்ணிட்டீங்க. எல்லாரும் இப்படி இருக்க மாட்டாங்க. நிரந்தரம் பண்றதுக்கு எழுதப் போறேன். ஒரு வாரத்து இணைய வேகத்தை அளந்து அனுப்புங்க, அது ஒரு ஃபார்மாலிட்டி."

அன்று சாப்பிடும்போது தம்பி இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். "இன்ஸ்பெக்டர் கேஸை முடிச்சுட்டாரு," என்றார் அத்தான்.

மறுநாள் பழைய போன்களை இழுப்பறையிலிருந்து எடுத்துப் பழைய இடங்களிலேயே வைத்தான்.

இரண்டு மணி பத்து நிமிடத்துக்குக் குரல் திக்கியது. இரண்டு இருபதுக்கு இன்னொரு முறை. இரண்டரைக்கு ஆசிரியர் ஒரு கணக்கின் கடைசி வரியைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அறுந்தது. திரும்பி வந்தபோது மாணவி கேள்விப் பெட்டியில் எழுதியிருந்தாள்: 'விடை என்ன சொன்னார்? எல்லாரும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.'

அவனுக்கு விடை தெரியவில்லை.

மூன்றாம் முறை அறுந்தால் மட்டும், அன்றைய வகுப்பு முடிந்த பத்து நிமிடத்துக்குள் படிவம் போய்விட வேண்டும். தம்பி படிவத்தைத் திறந்தான். கோபம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். 'அதே பக்கத்து வீட்டுக்காரர் மறுபடியும் எங்கள் இணைப்பை அனுமதியில்லாமல் பயன்படுத்தியிருக்கிறார்' என்று அடித்தான். எதையும் இரண்டு முறை பார்க்கிறவன் அதை ஒரு முறைகூடப் பார்க்காமல் அனுப்பினான்.

அனுப்பிய பிறகுதான் ஆதாரத்துக்காக வைஃபை பெட்டியின் பட்டியலைத் திறந்தான். தையலக்காவின் போன் அதில் இல்லை. அன்று மட்டுமல்ல, பதின்மூன்று நாளாகவே இல்லை. அக்கா போன் அக்காவோடு ஆஸ்பத்திரியில், அத்தான் போன் வேனில், டிவி அணைந்து கிடக்கிறது. மிஞ்சியது அவன் கணினியும், அவன் டிக் அடித்து விட்ட இரண்டு பழைய போன்களும். அந்தப் போன்களுக்கு எதிரே இருந்த வரைபடத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு கோபுரம் எழுந்து நின்றது. இரண்டு பத்து, இரண்டு இருபது, இரண்டு முப்பது.

வேகத்தை அளக்க வேண்டுமென்றால் லைன் எவ்வளவு தாங்குமோ அவ்வளவையும் அந்த ஆப் இழுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு போனும் ஒரே நேரத்தில் இழுத்தால் நடுவில் போகிற ஒரு குரல் எங்கே பிழைக்கும்?

ஆப்பின் நேரக் கட்டுப்பாட்டை நீக்கி, இணையத்தில் ஒரு பேச்சை ஓடவிட்டு, முதலில் போன்களை அணைத்து அரை மணி நேரம் சோதித்தான். திக்கல் இல்லை. போட்டுவிட்டுச் சோதித்தான். திக்கியது. இன்னொரு தடவை அணைத்து, இன்னொரு தடவை போட்டான். இந்த ஒரு முறையாவது தன் கணக்குத் தப்பாக இருக்கக் கூடாதா என்று இருந்தது. கணக்குச் சரியாகவே வந்தது.

இந்த மாதிரி நேரத்தில் பூமி பிளந்து விழுங்கிவிடாதா என்று நினைப்பார்கள். தம்பி ஏற்கனவே பூமிக்குள்தான் இருந்தான். அங்கே அவனுக்கு ஒளிய இடமில்லை. ஜன்னலில் யாரோ ஒருவரின் செருப்பு நின்று, பிறகு போயிற்று. தையலக்காவின் செருப்போ என்று நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டான்.

அப்போது மேடம் கூப்பிட்டாள். அவள் குரலில் கோபமே இல்லை.

"படிவத்தைப் பார்த்தேன். இது மூணாவது. ஆனா வெளியாள் பண்ணின தப்புக்கு உங்களைப் பிடிக்க முடியாதுல்ல? இதைக் கணக்குல சேர்க்க வேணாம்னு எழுதிட்டேன். நீங்க அந்த ஆள் மேல புகார் குடுங்க. கவலைப்படாதீங்க."

"சரிங்க மேடம்," என்றான் தம்பி. "ரொம்ப நன்றிங்க மேடம்" என்றும் சொன்னான். அந்த இரண்டாவதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பிறகு ரொம்ப நாள் நினைத்தான்.

சாயங்காலம் அத்தான் வந்ததும் அவரிடம் மட்டும் சொன்னான். அவர் சிரிக்கத்தான் ஆரம்பித்தார். அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"இங்க பாரு. சரக்கு இறக்கியாச்சு, கையெழுத்தும் வாங்கியாச்சு. திரும்ப ஏத்திட்டு வராதே. அந்தப் போனைத் தூக்கி எறி. லைனும் நல்லா ஓடும், வேலையும் நிலைக்கும்."

"தையலக்கா?"

"அவங்களுக்கு என்ன தெரியப்போகுது? பாஸ்வேர்டைத் திரும்பக் குடுத்துடு. முடிஞ்சுது."

முடிந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று தம்பிக்கும் தோன்றியது. தையலக்காவிடம் மன்னிப்புக் கேட்டு அவள் மன்னித்துவிட்டால், படிவத்தை அப்படியே விட்டுவிடலாம் என்று மனசுக்குள் ஒரு பேரம் ஓடியது. நாலு பேர் முன்னால் குற்றம் சொன்னோம், நாலு பேர் முன்னால்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் முறையாக யோசித்தான். மறுநாள் காலையில் அவள் வீட்டில் ஆள் சேருகிற வரைக்கும் காத்திருந்து, இரண்டு பேர் உள்ளே போனதைப் பார்த்துவிட்டுப் போனான்.

"தையலக்கா, அன்னிக்கு நான் சொன்னது தப்பு. உங்களால என் லைன் அறுகலை. என் போனாலதான் அறுந்துச்சு. எல்லார் முன்னாடியும் சொன்னதால, எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்குறேன்."

அன்று இருந்தவர்கள் வேறு, இன்று இருக்கிறவர்கள் வேறு. திரைத்துணி தைக்கக் கொண்டுவந்த ஒரு பெரியவரும் அவர் மருமகளும் தையலக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னம்மா, என்ன லைன்?" என்றார் பெரியவர்.

"ஒண்ணுமில்லீங்க. நீங்க ஜன்னல் நீளத்தைச் சொல்லுங்க."

"ஏதாவது திருட்டு கிருட்டா?"

"நீளத்தைச் சொல்லுங்கய்யா."

அவர்கள் போகிற வரைக்கும் தம்பி கதவோரம் நின்றான். போன பிறகு தையலக்கா அவனைப் பார்க்காமலே பேசினாள்.

"அன்னிக்கு விஷயம் ரெண்டு பேருக்குத் தெரியும். இன்னிக்கு நாலு பேருக்குன்னு ஆக்கிட்டீங்க. இதை ஆள் இல்லாதப்ப வந்து சொல்ல முடியாதா தம்பி?"

அலமாரி மேலே ஒரு பழைய ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. மத்தியானப் பாட்டெல்லாம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

"ரெண்டே காலுக்கு நீங்க..." என்று இழுத்தான்.

"என் தங்கச்சி. அவளுக்கு அப்பத்தான் சாப்பாட்டு நேரம். அவ கையாலதானே பேசுவா. முகம் தெரியணும், கை தெரியணும். இப்ப போன் நெட்டுல பேசுறோம். கை பாதியில அப்படியே நின்னுடும். மீதி என்ன சொன்னான்னு நானா யோசிச்சு எடுத்துக்கணும்."

தம்பி பாஸ்வேர்டைப் போட்டுத் தருகிறேன் என்று சொல்லத்தான் வந்தான். வாயில் வந்தது வேறு.

"இன்னொண்ணும் இருக்குக்கா. கம்பெனிக்கு எழுதிட்டேன்."

"என்னன்னு?"

"காரணம் பக்கத்து வீட்டுக்காரங்கன்னு. ரெண்டு தடவை."

"எழுதினதை அப்படியே சொல்லுங்க."

அவன் அட்சரம் பிசகாமல் சொன்னான். 'அனுமதியில்லாமல்' என்கிற இடத்தில் தையலக்காவின் கை துணி மேலேயே நின்றது.

"உங்களுக்கு சிபாரிசு எழுதினாளே, என் தங்கச்சி என்னன்னு எழுதினான்னு தெரியுமா? எங்க அக்காவுக்குப் பக்கத்து வீட்டுப் பையன், நல்ல பையன்னு எழுதினா. நானே பார்த்தேன். இப்ப பக்கத்து வீட்டுக்காரி திருடின்னா, அது யாருன்னு அவங்களுக்குப் புரியாதா?"

"மாத்தி எழுதினா வேலை போயிடும்க்கா."

சொன்ன பிறகுதான் அவன் காதிலேயே அது விழுந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. தையலக்கா துணியை மடித்து வைத்தாள்.

"நான் எழுதச் சொல்லலை. எழுதினா கொண்டு வந்து காட்டுங்க. எழுதலைன்னா இந்த வாசலுக்கு வராதீங்க."

கீழறையில் தம்பி நாலு முறை எழுதினான். முதல் கடிதத்தில் 'எதிர்பாராத ஒரு தொழில்நுட்பக் காரணத்தால்' என்று இருந்தது. இரண்டாவதில் 'சில தவறுகள் நேர்ந்துவிட்டன'. யார் செய்த தவறு என்று மட்டும் இல்லை. மூன்றாவது ஒன்றரைப் பக்கம் ஓடியது. அவன் எவ்வளவு கவனமானவன் என்பதே அதில் ஒன்றேகால் பக்கம். நாலாவது ஐந்து வரி. மூன்று முறையும் இணைப்பு அறுந்ததற்குக் காரணம் நான் வைத்திருந்த வேகம் அளக்கும் போன்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சரிபார்க்காமல் அவர் மேல் பழி போட்டேன்.

அதை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு ஒரு மணிக்குப் போனான். உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. இந்த முறை வெயிலில், தெரு ஓரமாக, கால் மாற்றி நின்றுகொண்டு காத்திருந்தான். தையலக்கா அவனை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பார்த்த பிறகும் வந்தவர்களை அவள் அவசரப்படுத்தவில்லை. ஆள் போனதும் உள்ளே போய்த் தாளைக் கொடுத்தான்.

அவள் வரிக்கு மேல் விரலை வைத்து நிதானமாகப் படித்தாள்.

"அனுமதி இல்லாமன்னு போட்டீங்களே. அது பொய்ன்னு இதுல எங்க இருக்கு?"

இல்லை. நாலு முறை எழுதியும் அந்த ஒன்று விட்டுப்போயிருந்தது. விட்டுப்போயிற்றா, விட்டுவிட்டானா என்று அவனுக்கே நிச்சயமில்லை. அவள் மேசையில் இருந்த பென்சிலை எடுத்து, நின்றபடியே கடைசியில் ஒரு வரி சேர்த்தான். 'என் அக்கா கொடுத்த அனுமதியோடுதான் அவர் பயன்படுத்தினார். எழுதும்போதே அது எனக்குத் தெரியும்.'

தையலக்கா இரண்டாம் முறை படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"தெரிஞ்சேதான் எழுதினீங்களா?"

"ஆமாக்கா."

பரவாயில்லை என்று சொல்வாள் என எதிர்பார்த்து அவன் ஒரு நிமிடம் நின்றான். அவள் சொல்லவில்லை. தையல் மிஷினுக்கு நூல் கோக்கத் தொடங்கினாள். அவன் கிளம்பி வந்தான்.

ஒன்று ஐம்பதுக்குக் கடிதத்தைக் கணினியில் ஏற்றி அனுப்பினான். அனுப்பும் முன் ஒரே ஒரு முறைதான் படித்தான். இன்னொரு முறை படித்தால் அனுப்ப மாட்டோம் என்று பயமாக இருந்தது.

இரண்டு மணிக்கு வகுப்பு தொடங்கியது. முந்தின நாள் மாணவியின் திரையில் பாதியில் நின்றுபோன கணக்கை ஆசிரியர் முதலிலிருந்து நடத்தினார். தம்பி அடித்துக்கொண்டே போனான். இரண்டு பத்துக்கு அவன் கை தானாக ஒரு கணம் தயங்கியது. ஒன்றும் ஆகவில்லை. ஆசிரியர் இருமியது, பின் வரிசையில் யாரோ நாற்காலியை இழுத்தது வரைக்கும் பக்கத்து அறையில் நடப்பது போலத் தெளிவாகக் கேட்டது. இரண்டு மணி நேரத்தில் ஒரு சொல் தவறவில்லை. மூன்றரைக்குத் திரையின் மூலையில் புது அஞ்சல் வந்ததற்கான புள்ளி எரிந்தது. அவன் அதைத் தொடவில்லை.

முடியும்போது மாணவி கேள்விப் பெட்டியில் எழுதினாள்: 'விடை கிடைத்தது. நாளைக்குப் பார்ப்போம்.'

அவன் 'சரி' என்று அடித்தான்.

பிறகு அஞ்சலைத் திறந்தான். மேடத்தின் கடிதம் இரண்டு வரி. மூன்று முறையும் உங்கள் பக்கத்துக் கோளாறு என்பதால் சோதனைக் காலமும் வேலையும் இன்றோடு முடிகின்றன. பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிய குறிப்புகளை நீக்கிவிட்டோம். அதில் கோபமும் இல்லை, பாராட்டும் இல்லை.

மேலே கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அக்கா டியூட்டி முடிந்து வந்திருந்தாள். அவளுக்கு இதில் எதுவும் தெரியாது. தையலக்கா இத்தனை நாளில் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. படிக்கட்டின் மேலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னடா, விளக்குகூடப் போடாம உக்காந்திருக்கே? லைன் இன்னிக்கு நல்லா வந்துச்சா?"

"வந்துச்சுக்கா. ஒரு தடவைகூட அறுகலை."

"அப்பாடா. இனிமே கவலை இல்ல."

அவள் திரும்பப் போனாள். தம்பி எழுந்து படியேறினான்.

"அக்கா, கொஞ்சம் உக்காரு. நீ தையலக்காவுக்கு அனுமதி குடுத்ததையே இல்லைன்னு நான் ஒரு பொய் எழுதியிருக்கேன்," என்றான்.